கறுவலின் நாக்கு

தம்பி,

இதை வாசித்து முடிக்கும்வரை எனக்குத் தொலைபேசி எடுக்காதே. உனக்குத் தமிழ் வாசிக்க நேரமெடுக்கும் என்று தெரியும், எடுக்கட்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனது இப்படி ஒரு கடிதத்துக்காகத்தான் என்று வைத்துக்கொள். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வருத்தம். கணையத்தில் கட்டி. வெட்டி எடுக்க முடியாத இடத்தில் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை நீ சீனாவுக்குப் பறக்கிறாய், இரண்டு வருடத்துக்கு. மாட்டுக்கும் குதிரைக்கும் மூலிகையால் வைத்தியம் செய்வதை அங்கே ஒரு கல்லூரியில் படிக்க வேண்டும் என்று எத்தனை காலம் காத்திருந்தாய். உன்னை விமானத்தில் ஏற்றிவிட்டு, இங்கே மூச்சுக் காட்டாமல் இருந்துவிடுவது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பைச் செவ்வாய்க்கிழமை விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்றும், நீ போவதா நிற்பதா என்பதை ஏன் உன்னிடம் ஒப்படைக்கிறேன் என்றும்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

மார்கழியில் நத்தார் லீவில் நான் லண்டனுக்கு மச்சாள் வீட்டுக்குப் போனேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறாய். நான் போகவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தேன். கண் மஞ்சளாகி உடம்பெல்லாம் அரித்தது, பித்தக் குழாய் அடைத்துவிட்டது என்று உள்ளே ஒரு சின்னக் குழாய் வைத்தார்கள், கட்டியிலிருந்து கொஞ்சம் கிள்ளியும் எடுத்தார்கள். நீ "லண்டன் படங்களை அனுப்பம்மா" என்று எழுதியபோது கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. போன் பழுது என்று பதில் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற வேலை என்பார்களே, அதை நான் ஒரு கையால் செய்தேன். மச்சாளும் சேர்ந்து பொய் சொன்னாள், கெட்டிக்காரி, உனக்கு அவள் தந்ததாகச் சொல்லி நான் கொடுத்த சட்டை இங்கே பக்கத்தில், மார்க்ஸ் டோர்மோயில் வாங்கியது. அதைவிடப் பெரிய பைத்தியக்காரத்தனம் ஒன்றும் செய்தேன். தை மாதமே மருந்தேற்றத் தொடங்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். தலைமயிர் கொட்டினால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று, மகன் சீனாவுக்குப் போனபிறகு தொடங்குகிறேன் என்று தள்ளிப்போட்டேன். அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் கிடக்கிறது.

உன் படிப்பைப் பற்றி நான் நக்கல் அடித்ததெல்லாம் உனக்கு நினைவிருக்கும். ஊர்ப் பிள்ளைகள் மனிதருக்கு டொக்டராகும்போது என் பிள்ளை மாட்டு டொக்டர் என்றேன். பிறகு அதுவும் போதாதென்று சீன இலை, சீன வேர் என்று ஆரம்பித்தாய். உன் அப்பா இல்லாத எங்கள் சின்ன வீட்டில், குசினி மேசையில் கடுதாசிப் பொட்டலங்களைப் பரப்பி வைத்து எனக்குப் பாடம் எடுத்தாய். ஒரு மருந்துக் கலவைக்குள் அரசன் ஒன்று, மந்திரி ஒன்று, உதவிக்கு ஒன்று, மருந்தை நோயிருக்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக ஒன்று என்றாய். "ஒரு கிழட்டு நாயின்ரை இருமலுக்கு ஒரு ராசாங்கமே வேணுமோ?" என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. அதற்குள் கிடந்த கறுவாப்பட்டையும் வேர்க்கொம்புச் சுக்கும் அதிமதுரமும் நான் நாள் முழுக்கக் கடையில் நிறுத்துக் கொடுக்கிற சாமான்கள்தான், ஆனால் நீ அவற்றைத் தொட்ட விதத்தில் ஒரு மரியாதை இருந்தது. சூடு, குளிர்மை என்று நாங்கள் சாப்பாட்டைப் பிரிப்பதுபோல நோயையும் பிரிப்பார்கள் என்றாய். ஒரே இருமலுக்கு ஒரு நாய்க்குச் சூடான மருந்து, இன்னொரு நாய்க்குக் குளிர்ந்த மருந்து, ஏனென்றால் வைத்தியம் இருமலுக்கு இல்லை, அந்த நாய்க்கு என்றாய். அதை அறிய நாலு வழி: பார்க்க வேண்டும், கேட்டும் மணந்தும் பார்க்க வேண்டும், பின்னங்காலின் உள்பக்கத்தில் நாடி பிடிக்க வேண்டும், பிறகு விசாரிக்க வேண்டும். "முதல் மூண்டும் லேசு, அம்மா. விசாரிக்கிறதுதான் கஷ்டம். மிருகம் கதைக்காது. கொண்டு வாற ஆக்கள்தான் கதைப்பினம்" என்றாய். இன்னொன்றும் சொன்னாய். உள்ளே கள்ளன் நிற்கும்போது கதவைச் சாத்தக்கூடாது, அதாவது நோய் உள்ளே இருக்கையில் சத்து மருந்தைக் கொடுத்து உடம்பை மூடிவிடக்கூடாது, முதலில் கள்ளனை வெளியே விரட்டு என்று அந்த வைத்தியர்கள் சொல்வார்களாம். அது மட்டும் எனக்கு உடனே விளங்கியது.

இனிக் கறுவலுக்கு வருகிறேன். நான் வேலை செய்யும் கடையின் பூனை. லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் எலி இல்லாத பலசரக்குக் கடை இருந்தால் எனக்குக் காட்டு. அரிசி மூட்டைக்கும் பருப்பு மூட்டைக்கும் நடுவே அவன் காவல் இருந்தான், கன்னங்கரேலென்று, ஒரு காது கிழிந்து. கடைக்கார அண்ணை வாடிக்கையாளரிடம் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார், பூனையோடு மணிக்கணக்கில் கதைப்பார். தை மாதம் கறுவல் சாப்பாட்டை விட்டான். மெலிந்தான். ஒரு எலி அவனுக்கு முன்னாலேயே ஓடியது, தலையைத் தூக்கவில்லை. "தம்பியிட்டைக் கொண்டு போங்கோ அண்ணை" என்று நான்தான் சொன்னேன். ஒரு திங்கட்கிழமை அவர் அவனை ஒரு மரக்கறிப் பெட்டிக்குள் துவாய் விரித்து வைத்து, ரயிலேறி உன்னிடம் கொண்டு வந்தார். அன்று நான் கடையில் நின்றேன். உன் கிளினிக்கில் நடந்தது நீ பிறகு எனக்குச் சொன்னதுதான்.

நீ நிலத்தில் குந்தியிருந்து அவனைப் பார்த்தாயாம். நாக்கைப் பார்த்தாய், படம் எடுத்தாய், நீ எல்லா மிருகத்தின் நாக்கையும் படம் எடுப்பவன்தானே. நாடி பிடித்தாய். பிறகு விசாரித்தாய். எங்கே இருக்கிறான் என்று கேட்டாய். "செவ்ரானிலை, எங்கடை வீட்டிலை" என்றார் அண்ணை. எங்கே படுப்பான்? "குளிர் நிலத்திலைதான் தம்பி, எப்பவும் குளிர் நிலத்திலைதான்." என்ன தின்பான்? "கடையிலை விக்கிற பூனைச் சாப்பாடுதான், வேறை ஒண்டும் குடுக்கிறேல்லை." இரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்றாய். அவர் பதறினார். "ஊசி ஒண்டும் வேண்டாம், உங்கடை இலை மருந்தே போதும்" என்றார். வீட்டில் சோபா இருக்க, கட்டில் இருக்க, சூடேற்றி இருக்க, நடுக்குளிர்காலத்தில் ஒரு பூனை குளிர் நிலத்தைத் தேடிப் போய்ப் படுக்கிறதென்றால் உள்ளே சூடு மிஞ்சிவிட்டது என்று நீ கணக்குப் போட்டாய். சூட்டைத் தணிக்கும் மருந்து கலந்தாய். வழமைபோல, அவர் எழும்பிப் போகும்போது கடைசியாக ஒருமுறை கேட்டாயாம், "வேறை ஏதும்?" என்று. சனம் கதவுப் பிடியில் கையை வைத்த பிறகுதான் உண்மையைச் சொல்லும் என்பது உன் அனுபவம். அண்ணை கதவுப் பிடியில் கையை வைத்தபடி "இல்லைத் தம்பி, ஒண்டுமில்லை" என்றார்.

அந்தக் கிழமை முடிவதற்குள் கறுவல் செத்துப்போனான். அடுத்த ஞாயிறு நீ வீட்டுக்கு வந்தாய். தேத்தண்ணி ஊற்றித் தந்தேன். "அம்மா, அந்தப் பூனைக்கு அந்த வீடு பிடிக்கேல்லையோ, ஏன் எப்பவும் நிலத்திலை படுத்தது?" என்று கேட்டாய். நான் ஒன்றும் யோசிக்காமல், "எந்த வீடு? அது கடைக்குக் கீழை, நிலவறையிலை, குளிரறைக் கதவடியிலை எல்லோ படுக்கிறது. அங்கை சீமெந்து நிலத்தை விட்டால் வேறை என்ன கிடக்கு?" என்றேன். நீ கோப்பையை வைத்தாய். சாப்பாட்டைக் கேட்டாய். மத்தியானம் எங்களுக்குச் சாப்பாட்டுக் கடையிலிருந்து வருகிற சோறும் குழம்பும்தான், மிச்சத்தை அண்ணை பிசைந்து வைப்பார், அவன் நக்கி நக்கித் தின்பான் என்றேன். "வெங்காயம் போட்ட குழம்போ?" என்றாய். வெங்காயமும் உள்ளிப்பூண்டும் இல்லாமல் எங்கள் ஆட்கள் எந்தக் குழம்பு வைத்திருக்கிறார்கள்? அது பூனையின் இரத்தத்தைக் கரைக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். நீ போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினாய். வெள்ளைத் துணி மாதிரி வெளிறிப்போன ஒரு சின்ன நாக்கு. "பார் அம்மா. இரத்தமில்லை, குளிர் எண்டு நாக்கு சொல்லிச்சுது. அந்த மனுசன் வேறை சொன்னார். நான் மனுசனை நம்பினன். குளிரிலை கிடந்ததுக்குக் குளிர் மருந்து குடுத்தன்." வெங்காயம் என்று தெரிந்திருந்தால் அவர் வேண்டாம் என்றாலும் இரத்தம் எடுத்திருப்பாய், தப்பியிருப்பானோ தெரியாது, ஆனால் எடுத்திருப்பாய் என்றாய். தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனாய். உன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற நான், ஆறிப்போன தேத்தண்ணியைத் தொட்டிக்குள் ஊற்றினேன்.

அண்ணையை நான் சும்மா விடவில்லை. கடையில் வாடிக்கையாளர் நிற்க நிற்கவே கேட்டேன், "ஏன் அண்ணை பொய் சொன்னனீங்கள்?" அவர் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். சாப்பாட்டுச் சாமான் விற்கும் கடைக்குள் பூனை படுக்கிறது என்று எங்கேயாவது எழுத்தில் போனால், கொன்ட்ரோல் என்று சோதிக்க ஆட்கள் வந்தால், கடையைப் பூட்டிவிடுவார்கள் என்று பயந்தாராம். பூனைக்குப் பதிவும் இல்லை, இரத்தம் எடுத்தால் பதிவைக் கேட்பார்கள் என்று பயந்தாராம். "குளிர் நிலத்திலை படுக்குது எண்டனான் தானே, அது பொய்யோ? அவனை நான் வேணுமெண்டோ சாகவிட்டனான்?" என்று சொல்லி, மூட்டைமேல் இருந்து அழுதார். அவர் கள்ள மனிதர் இல்லை, தம்பி. உனக்குக் கோபம் இருந்தால் அதைக் கொஞ்சம் ஆறவிடு. கொன்ட்ரோலுக்கும் பேப்பருக்கும் பயந்து பயந்தே இங்கே தலை நரைத்த மனிதர், ஒரு கேள்வி கேட்டால் அதற்கு உண்மையை விடப் பாதுகாப்பான பதில்தான் அவர் வாயில் முதலில் வரும். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குப் புத்தி சொன்னார். என் வருத்தம் அவருக்குத் தெரியும், லீவு கேட்டபோது சொல்ல வேண்டியிருந்தது. "நீங்கள் தம்பியிட்டை ஒண்டும் சொல்லிப்போடாதையுங்கோ, தங்கச்சி. பிள்ளை நிம்மதியாப் போகட்டும். அங்கை கிடந்து யோசிச்சு என்ன செய்யப் போறான்?" என்றார். இது செவ்வாய்க்கிழமை. அவர் இருந்த மூட்டைக்குப் பக்கத்தில் கறுவலின் தட்டு இன்னும் கழுவாமல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ஓம் என்று தலையாட்டப் போன நான், ஆட்டவில்லை.

ஏனென்றால் இந்தப் புத்தியை நான் முன்பும் ஒருமுறை வாங்கியிருக்கிறேன், மற்றப் பக்கத்தில் நின்று. நீ என் வயிற்றில் இருந்தாய். இந்த நாட்டில் தங்குவதற்கான பேப்பர் இன்னும் கிடைக்கவில்லை, ஊருக்குப் போக வழியில்லை. ஒவ்வொரு கிழமையும் ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு தொலைபேசிக் கடைக்குப் போய்க் கதைப்பேன். "அப்பா எங்கை?" என்று கேட்பேன். "கோயிலுக்குப் போட்டார்" என்பான் உன் மாமா. அடுத்த கிழமை, "குளிக்கிறார்." அதற்கடுத்த கிழமை, "இப்பத்தான் கண்ணயர்ந்தவர், எழுப்பட்டோ?" வேண்டாம், படுக்கட்டும் என்று நானே சொன்னேன். அவருக்குக் குளிருக்குப் போட ஒரு ஸ்வெட்டர் வாங்கி, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். ஒருநாள் சாப்பாட்டுக் கடையில் எங்களூர்ப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்து, "உங்கடை அப்பாவின்ரை அந்திரட்டிக்கு நல்ல சனமாம்" என்றாள். செத்து முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்துவிட்டது. நான் செத்தவருக்கு ஸ்வெட்டர் வாங்கியிருக்கிறேன், செத்தவரின் நித்திரையைக் குழப்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வயிற்றுப் பிள்ளைக்காரி, கேட்டால் தாங்கமாட்டாள் என்று எல்லாரும் சேர்ந்து செய்த அன்பாம் அது. உன் மாமாவுடன் இன்றைக்கும் கதைக்கிறேன், ஆனால் அவன் "சுகமா இருக்கிறம்" என்று சொன்னால் ஒரு சொல்லும் நான் நம்புவதில்லை. உன்னை இந்த நிலைக்கு ஆளாக்க நான் எவ்வளவு கிட்டப் போய்விட்டேன் என்று நினைக்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது. நீ சீனாவில் இருந்து அழைக்க, நான் குளிக்கிறேன் என்று மச்சாள் சொல்லியிருப்பாள்.

ஆகவே, நீ உன்னிடம் வருகிற மிருகங்களுக்குக் கேட்கும் கேள்விகளை நானே எனக்குக் கேட்டுப் பதில் எழுதுகிறேன். சிரித்தால் சிரி. எங்கே படுக்கிறது? கட்டிலில் இல்லை. நிமிர்ந்து படுத்தால் முதுகைத் துளைக்கிறது. சோபாவில், தலையணையை வயிற்றோடு அணைத்து முன்னால் குனிந்தபடி, அப்படியே கண்ணயர்கிறேன். என்ன தின்கிறது? இறைச்சி மணம் ஆகாது, என் கையால் தாளித்த கறியின் மணமே ஆகாது. கஞ்சி இறங்குகிறது. நீ வரும்போது உனக்குப் போட்டுவிட்டு நான் முன்னமே சாப்பிட்டேன் என்று சொன்னதெல்லாம் பொய். தண்ணீர்? சுடுதண்ணீர்தான். மலம்? நீ நாய்க்காரர்களிடம் கூசாமல் கேட்பாய், நானும் கூசாமல் சொல்கிறேன், களிமண் நிறத்தில் போனது, குழாய் வைத்தபின் நிறம் திரும்பிவிட்டது. மெலிவு? பாவாடையை ஊசி குத்திக் கட்டுகிறேன். நாக்கு? நேற்றுக் காலை பல் தீட்டிவிட்டுக் கண்ணாடியில் நீட்டிப் பார்த்தேன், ஓரத்தில் பல் பதிந்த அடையாளம் இருக்கிறது, மஞ்சளாய் ஒரு படை, அதற்கு என்ன அர்த்தம் என்று நீதான் சொல்ல வேண்டும். எங்கே தொட்டால் சீறும்? தெரியாது. டொக்டரையும் தாதியையும் தவிர என்னை ஒருவரும் தொடவில்லை.

இனி, நீ செய்யப் போவது எனக்குத் தெரியும், அதனால் இப்போதே சொல்கிறேன். எனக்கு மருந்து கலக்காதே. உன் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு ஓடி வராதே. நீ மிருக டொக்டர், நான் உன் அம்மா, இரண்டு காரணமும் போதும். கடைக்கு வருகிற பெண்கள் எல்லாரும் நான் மெலிவதைக் கண்டு எனக்குச் சத்து மா, பால், முட்டை, மீன் எண்ணெய் என்று தந்துகொண்டிருக்கிறார்கள், நானும் மூன்று மாதமாக விழுங்குகிறேன், கள்ளன் உள்ளே இருந்து அதையும் தின்கிறான். செவ்வாய்க்கிழமை பின்னேரமே ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்து, நாளைக்கே தொடங்கச் சொன்னாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த புதன் காலை வரச் சொல்லி றொந்தேவு தந்திருக்கிறார்கள். எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை, டொக்டரும் சொல்லவில்லை, பார்ப்போம் என்றார். பார்ப்போம் என்று இந்த நாட்டு டொக்டர்மார் சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

போ என்று சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை. நில் என்று சொன்னால், நின்று, பிறகு ஒருநாள் நான் இல்லாத வீட்டில் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று நினைக்கிறேன். இதில் நல்ல தாய் எது சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை, தம்பி, உண்மையாகத் தெரியவில்லை. உனக்குப் பொய்யைச் சொல்லி ஒரு முடிவெடுக்க வைக்கக்கூடாது என்பது மட்டும் தெரியும். போனாலும் நின்றாலும், கறுவலுக்காக உன்னையே தின்றுகொண்டிருக்காதே. ஆனால் அந்தப் படத்தையும் அழித்துவிடாதே. இனி வருகிறவன் என்ன சொன்னாலும் முதலில் நாக்கைப் பார். நாக்கும் வாயும் ஒத்துப்போகாவிட்டால் கோபிக்காமல், அவனுக்குப் பயம் தெளியும்வரை இருந்து, இன்னொருமுறை கேள். எங்கள் சனத்திடம் மூன்றாம்முறையும் கேள்.

இந்தக் கடிதத்தை உன் பெட்டிக்குள், மிளகாய்த்தூளுக்கு அடியில் வைத்து அனுப்பத்தான் முதலில் நினைத்தேன், நீ அங்கே போய்த் திறக்கும்போது காண்பாய் என்று. அதுவும் கோயிலுக்குப் போட்டார், குளிக்கிறார் என்கிற அதே வேலை. அதனால் வெள்ளிக்கிழமை உன் கையிலேயே தருகிறேன், கீழே தெருவில் நின்று வாசி, பிறகு படியேறி வா. வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியில் நின்று, அந்த உன்னுடைய கடைசிக் கேள்வியை என்னிடமும் கேட்பாய், "வேறை ஏதும்?" என்று. நான் அண்ணை மாதிரி "ஒண்டுமில்லை" என்று சொல்லமாட்டேன். இருக்கிறது, ராசா. எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மா